சினைப்பன்றிக்குத் தீவனம்: 114 நாளில் எப்போது, எது, எவ்வளவு

சினைப்பன்றி கம்பியைக் கடிக்கிறது, பக்கத்தில் நிற்பதை விரட்டுகிறது, வெறும் வாயை மென்று நுரை தள்ளுகிறது என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இன்று வைத்த தீவனத்தை எத்தனை நிமிடத்தில் தின்று முடித்தது? பெரும்பாலும் பதில் "பத்து நிமிஷம்" என்றுதான் வரும். மிச்சம் 23 மணி 50 நிமிடமும் அது பசியோடு நிற்கிறது. அதைத்தான் நாம் "முரட்டுப் பன்றி" என்று சொல்லிவிடுகிறோம்.

சினைப்பன்றிக்கு அளவாகத்தான் தீவனம் வைக்க முடியும். விட்டால் நாளுக்கு நாலைந்து கிலோ தின்னும். அதற்குத் தேவையோ இரண்டரை கிலோவுக்குள். கொழுக்கவும் விடக்கூடாது, பசியிலும் நிறுத்தக்கூடாது. இந்தச் சிக்கலை அவிழ்க்கும் வரிசைதான் கீழே இருப்பது. வரிசையை மாற்றிச் செய்தால் வேலை செய்யாது. புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் தராசு. டப்பாக் கணக்கு வேண்டாம். எங்கள் பண்ணையில் பல மாதம் ஒரு பழைய பெயிண்ட் டப்பாவால்தான் அளந்தோம், "டப்பாவுக்கு ஒன்றரை கிலோ" என்று. தவிடு கூட்டிக் கலந்த பிறகு ஒரு நாள் சந்தேகப்பட்டு நிறுத்துப் பார்த்தேன்: ஒரு கிலோ நூறு கிராம். தவிடு லேசானது, மக்காச்சோளம் கனமானது. டப்பாவுக்கு அது தெரியாது. ஒவ்வொரு முறை புதிதாகக் கலக்கும்போதும் அந்த டப்பாவை ஒரு தடவை நிறுத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு நோட்டு. சேர்க்கை நடந்த தேதி இல்லாமல் இந்த வழிகாட்டியில் ஒரு படியும் நகராது. பன்றியின் சினைக்காலம் 114 நாள், ஒன்றிரண்டு முன்பின் இருக்கலாம். மூன்று மாதம், மூன்று வாரம், மூன்று நாள் என்று நினைவில் வைத்துக்கொள்வது சுலபம்.

அப்புறம் தண்ணீர். பன்றி தண்ணீர் குடிக்கும் குழாய் நிப்பிளை அழுத்தி ஒரு லிட்டர் பாட்டிலைப் பிடியுங்கள். நாற்பது விநாடிக்குள் நிரம்ப வேண்டும். சொட்டிக்கொண்டிருந்தால், பசியை அடக்க 5ஆம் படியில் சொல்லப்போகும் நார்த்தீவனத்தின் பேச்சையே எடுக்காதீர்கள். நார் சேர்த்து, தண்ணீர் குறைந்தால் மலச்சிக்கல் வரும். ஈனும் நேரத்தில் அது தனித் தொல்லை. வெயில் காலத்தில் ஒரு சினைப்பன்றி நாளுக்கு 15 முதல் 20 லிட்டர் குடிக்கும்.

கடைசியாக, தின்னும் நேரத்தில் மட்டுமாவது ஒவ்வொன்றையும் பிரித்து நிறுத்த ஒரு தடுப்பு. தோள் வரை மறைக்கும் பலகை போதும். ஒரே தொட்டியில் ஆறு பன்றிக்குக் கொட்டினால் மூத்தது நாலு கிலோ தின்னும், ஒதுங்கி நிற்பது ஒரு கிலோ. சராசரிக் கணக்கு சரியாகவே இருக்கும். தொட்டியடியில் ஒன்று கொழுத்துக்கொண்டும் ஒன்று இளைத்துக்கொண்டும் இருக்கும்.

2. அளவை முடிவு செய்யும் முன் முதுகைத் தொட்டுப் பாருங்கள்

எவ்வளவு வைக்கலாம் என்பதற்கு அட்டவணை கேட்காதீர்கள், உள்ளங்கையைக் கேளுங்கள். இடுப்பெலும்பின் மேலும் வாலடியிலும் கையை வைத்து அழுத்துங்கள். லேசாகத் தொட்டதுமே எலும்பு தட்டினால் மதிப்பெண் 2. நன்றாக அழுத்தினால்தான் தெரிகிறது என்றால் 3. எவ்வளவு அழுத்தியும் தெரியவில்லை என்றால் 4. ஈனும்போது 3 இருக்க வேண்டும். சற்றுக் கூடினால் பரவாயில்லை, 4 ஆகக் கூடாது.

கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்வது வழக்கமான தவறு. சினை வயிறு தொங்கும்போது இளைத்ததும் கொழுத்ததுபோலத் தெரியும்.

இதில் ஹார்மோன் விஷயமும் இருக்கிறது. சினை முற்ற முற்ற, குட்டிகளுக்குச் சர்க்கரை போய்ச் சேரத் தாயின் உடல் இன்சுலினுக்குக் கொஞ்சம் மந்தமாகும். இது இயல்பு. கொழுத்த பன்றியில் இந்த மந்தம் அதிகம். கூடவே, கொழுப்பிலிருந்து சுரக்கும் லெப்டின் "போதும்" என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். விளைவு, ஈன்ற பிறகு அதிகம் தின்ன வேண்டிய நேரத்தில் தொட்டியை முகர்ந்துவிட்டுப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் கை வைத்துப் பார்ப்பதை முதல் படியில் வைக்கிறேன். சேர்க்கை நாளில் ஒரு முறை, 30ஆம் நாள், 60ஆம் நாள், 90ஆம் நாள் என்று தொட்டுப் பார்த்து நோட்டில் எழுதுங்கள்.

3. சேர்க்கைக்கு முன் கூட்டுங்கள், சேர்ந்த அன்றே குறையுங்கள்

இளம் பெண்பன்றிக்குச் சேர்க்கைக்கு முந்தைய பத்துப் பதினைந்து நாள் தீவனத்தைக் கூட்டினால் இன்சுலின் கூடும். அது சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்களுக்குக் கைகொடுக்கும். முட்டைகள் கூடுதலாக வெளிவரும். இதைப் பலர் சரியாகவே செய்கிறார்கள். தப்பு நடப்பது அடுத்த நாள்: சேர்க்கை முடிந்தது, "பாவம், சினைப்பட்டிருக்கும்" என்று அதே மூன்றரை கிலோவைத் தொடர்கிறார்கள்.

நிறையத் தின்றால் குடலிலிருந்து கல்லீரலுக்குப் போகும் ரத்த ஓட்டம் கூடும். புரோஜெஸ்டிரோனைச் சிதைத்து வெளியேற்றும் இடம் கல்லீரல். ஆக, கருவைத் தாங்கும் ஹார்மோன் ஏற வேண்டிய முதல் மூன்று நாளில் அது மெதுவாக ஏறும்; கருக்கள் சில தங்காது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1990களில் இளம் பெண்பன்றிகளை வைத்து இதைக் காட்டினார்கள். எனவே முதல் சினைக்காரிகளுக்குச் சேர்க்கை நாள் முதல் மூன்று நாள் 2 கிலோவைத் தாண்ட வேண்டாம்.

இந்த விதியைக் கேட்டுவிட்டு, பால் மறக்கடித்து எலும்பும் தோலுமாக வந்த தாய்ப்பன்றியையும் சேர்த்துப் பட்டினி போடுவார்கள் சிலர். அது வேறு கதை. இளைத்து வந்த மூத்த பன்றிக்கு அந்த மூன்று நாள் கழிந்ததும் முதல் மாதத்திலேயே தீவனத்தைக் கூட்டி உடம்பைத் தேற்றலாம், பயமில்லை.

4. 28 நாள் வரை இடம் மாற்றாதீர்கள், ஆள் மாற்றாதீர்கள்

பதினொன்று, பன்னிரண்டாம் நாளில் கருக்கள் ஈஸ்ட்ரோஜன் சுரந்து "நாங்கள் இருக்கிறோம்" என்று தாயின் உடலுக்குத் தெரிவிக்கின்றன. அதன் பிறகு கருப்பையில் ஒட்டிக்கொள்ளும் வேலை மூன்றாம், நான்காம் வாரம் வரை நடக்கும். இந்த நேரத்தில் புதுப் பன்றிகளோடு கலந்தால் சண்டை, தீவனத்துக்கு அடிதடி, பதற்ற ஹார்மோனான கார்டிசாலின் ஏற்றம், கரு இழப்பு எல்லாம் சேர்ந்து வரும். கலப்பதானால் பால் மறந்த உடனே கலந்துவிடுங்கள், இல்லையென்றால் 28 நாள் கழித்து. தீவனக் கலவையையும் அதே நாளில் மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்.

5. 29 முதல் 75 வரை: அளவு அதே இரண்டரை கிலோவுக்குள்தான், வயிறு நிறைய வேண்டும்

முழு வேலையும் இந்தப் படியில்தான் இருக்கிறது.

இரண்டரை கிலோ அடர்தீவனம் உடம்புக்குப் போதும்; வயிற்றுக்குப் போதாது. வயிறு சீக்கிரம் காலியானால் கிரெலின் என்னும் பசி ஹார்மோன் ஏறும். மாவுச்சத்துத் தீவனத்தில் இன்னொரு பிரச்சினையும் உண்டு: தின்றதும் ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் வேகமாக ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். இறங்கும்போது பன்றி எழுந்து நின்று எதையாவது தேடும். தேடக் காடில்லை, கிளற மண்ணில்லை. கம்பி இருக்கிறது.

நார் இதை இரண்டு வழியில் சரிசெய்கிறது. கோதுமைத் தவிடு, வைக்கோல் போன்ற கரையாத நார் இடத்தை அடைக்கும், மெல்ல நேரம் எடுக்கும். சோயாத் தோல், பருப்புப் பொட்டு (பருப்பு உடைக்கும்போது வரும் தோல்) போன்றவற்றில் இருக்கும் நொதிக்கக்கூடிய நார் பெருங்குடலுக்குப் போய், அங்குள்ள நுண்ணுயிரிகளால் அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் அமிலங்களாக மாறும். அவை மெதுவாக ரத்தத்தில் சேர்ந்து பல மணி நேரம் சக்தி தரும். சர்க்கரையும் இன்சுலினும் மேடு பள்ளம் இல்லாமல் நிற்கும். மதியம் பன்றி படுத்துக் கிடப்பதற்கு இரண்டாம் வகைதான் முக்கியக் காரணம். அதனால் வெறும் தவிட்டை மட்டும் கூட்டிவிட்டு "நார் போட்டும் கடிக்கிறதே" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். இரண்டும் வேண்டும்.

ஐரோப்பாவில் இதற்குச் சுகர் பீட் என்னும் கிழங்கில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையைப் பயன்படுத்துகிறார்கள். சினைப்பன்றிக்குப் பருமனான அல்லது நார் மிகுந்த தீவனம் போதிய அளவு தரவேண்டும் என்று அங்கே சட்டமே இருக்கிறது, 2008ஆம் ஆண்டின் உத்தரவு. நமக்கு அந்தச் சக்கை தேவையில்லை. உளுந்து, துவரைப் பொட்டு இருக்கிறது. சேலம், நாமக்கல் பக்கம் சேகோ (ஜவ்வரிசி) ஆலைகளில் மாவு எடுத்த பிறகு மிஞ்சும் மரவள்ளித் திப்பி இருக்கிறது. திப்பியில் நொதிக்கும் நார் நன்றாக உண்டு, புரதம் மட்டும் அநேகமாக இல்லை. அதைப் போட்டால் புண்ணாக்கைச் சற்றுக் கூட்ட வேண்டும்.

நான் ஆரம்பிக்கச் சொல்லும் கலவை 100 கிலோவுக்கு இப்படி: மக்காச்சோளம் 45, கோதுமைத் தவிடு 30, எண்ணெய் நீக்கிய அரிசித் தவிடு 13.5, சோயாப் புண்ணாக்கு 8, தாது உப்புக் கலவை 2, கால்சைட் (சுண்ணாம்புக்கல்) தூள் 1, உப்பு அரை கிலோ. புரதம் ஏறக்குறைய 14 சதவீதம் வரும். தவிடு கூடியிருப்பதால் பாஸ்பரஸ் தானாக ஏறும்; அதை ஈடுகட்டத்தான் கால்சைட். இதில் ஒரு பன்றிக்கு நாளுக்கு 2.3 முதல் 2.5 கிலோ. மதிப்பெண் 2 என்றால் அரை கிலோ கூட்டுங்கள், 4 என்றால் கால் கிலோ குறையுங்கள். உடம்பைத் தேற்றவோ குறைக்கவோ நல்ல காலம் இந்த 75ஆம் நாளுக்குள்தான்.

இதற்கு மேல் பசுந்தீவனம் இரண்டு மூன்று கிலோ. இளசான கம்பு நேப்பியர், வேலிமசால், அகத்தி எது கிடைத்தாலும் சரி. ஊறவைத்த பருப்புப் பொட்டு அரை கிலோ கிடைத்தால் நல்லது. இவற்றை அடர்தீவனத்தோடு சேர்த்துப் போடாதீர்கள். காலை ஏழு மணிக்கு அடர்தீவனம் என்றால் பதினொரு மணிக்குப் பசுந்தீவனம். பசி தலைதூக்கும் நேரத்தில் மெல்ல ஏதாவது இருக்க வேண்டும், அதுதான் கணக்கு.

நாரை ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் பிடிக்கும். குடலின் நுண்ணுயிரிகள் பழக ஏழு முதல் பத்து நாள் கொடுங்கள்: மூன்று நாள் கால் பங்கு, மூன்று நாள் அரைப் பங்கு, பிறகு முழுசாக. ஏப்ரல், மே வெயிலில் நார் நொதிக்கும் சூடும் சேர்ந்துகொள்ளும். அப்போது பெரும்பங்கை விடிகாலைக்கும் மாலைக்கும் தள்ளிவிடுங்கள்.

இதன் பலன் தாயோடு நிற்பதில்லை. பிரேசிலில் சாவ் பாவுலோ பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சினையில் நார் மிகுந்த தீவனம் தின்ற தாய்களின் குட்டிகள் பால் மறக்கும் முன் ஒன்றையொன்று தாக்கிக்கொள்வது குறைந்திருந்தது. வயிற்றில் இருந்தபோது தாய் எப்படி இருந்தாள் என்பது குட்டியின் குணத்தில் தெரிகிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை இங்கே பன்றி ஒப்புக்கொள்கிறது!

ஓட்டல் கழிவு போடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அதில் பெரும்பகுதி தண்ணீர். இன்று சோறு, நாளை எண்ணெய்ப் பலகாரம் என்று சத்து தினம் மாறும். கொழுக்கவைத்து விற்கும் பன்றிக்கு அது சரிப்பட்டு வரலாம்; சினைப்பன்றிக்கு முழுத் தீவனமாக்காதீர்கள். உப்பு அதிகம் என்பதால் தண்ணீர் குறைந்தால் வலிப்பு வரை போகும். போட்டே ஆகவேண்டும் என்றால் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான். 2020இல் இந்தியாவுக்குள் வந்த ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் வேகாத பன்றியிறைச்சிக் கழிவு வழியாகவும் பரவும்.

6. என்ன பார்ப்பது, எப்போது பார்ப்பது

தீவனம் வைக்கும்போது போய்ப் பார்ப்பதில் பயனில்லை. வாளிச் சத்தம் கேட்டால் எல்லாப் பன்றியும் கத்தும். தின்று முடித்து இரண்டு மணி நேரம் கழித்து, செருப்புச் சத்தம் இல்லாமல் போய் நில்லுங்கள்.

எத்தனை படுத்திருக்கின்றன, எத்தனை நிற்கின்றன, நிற்பவை வாயில் என்ன செய்கின்றன என்று எண்ணுங்கள். வாயில் எதுவும் இல்லாமலே தாடை ஒரே தாளத்தில் அசையும். கடைவாயில் வெள்ளை நுரை திரண்டு மார்பில் சொட்டும். பார்வை எங்கோ இருக்கும். கம்பியில் வாய் உயரத்தில் ஒரு சாண் நீளத்துக்குப் பெயிண்ட் போய், இரும்பு வெள்ளிபோலப் பளபளக்கிறதா என்றும் பாருங்கள். எங்கள் கொட்டகையில் அந்தப் பளபளப்பு இருந்த இடங்களைக் குறித்து வைத்துவிட்டு, நார் சேர்த்த பிறகு பார்த்தேன். சில வாரத்தில் பாதி இடங்களில் துரு ஏற ஆரம்பித்திருந்தது. துருவைப் பார்த்துச் சந்தோஷப்பட்ட ஒரே தருணம் அதுதான்.

பழைய பன்றிகளில் கடிக்கும் பழக்கம் முழுதாக நிற்காது. பசியில் ஆரம்பித்தது பழக்கமாகவே ஊறிவிடும். எனவே பலனை முதல், இரண்டாம் சினைப் பன்றிகளில் அளந்து பாருங்கள். ஐந்தாம் சினைக்காரியை வைத்து "வேலை செய்யவில்லை" என்று கைவிடாதீர்கள்.

எச்சில் எடுத்துக் கார்டிசால் பார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது காலையில் இயல்பாகவே கூடும், மாலையில் குறையும். பிடித்து நிறுத்தினாலே ஏறும். பண்ணை அளவில் கண்ணும் நோட்டும் போதும்.

7. ஹார்மோன்போல நடிக்கும் தீவனங்கள்

சினைப்படாத இளம் பன்றிக்குப் பிறப்புறுப்பு சிவந்து வீங்கியிருக்கிறது, பருவம் மாதிரி இருக்கிறது, ஆனால் ஆண்பன்றிக்கு நிற்க மறுக்கிறது என்றால் மக்காச்சோளத்தைச் சந்தேகப்படுங்கள். அதில் பிடிக்கும் ஃபுசேரியம் பூஞ்சை உண்டாக்கும் ஜியரலினோன் என்னும் நச்சு, உடலில் ஈஸ்ட்ரோஜன்போல வேலை செய்யும். பருவம் தவறும், பொய்ச்சினை வரும், கரு தங்காமல் போகும். வீட்டு விலங்குகளில் இதற்கு அதிகம் பலியாவது பன்றிதான். பூஞ்சை வாடை அடித்தாலே அந்த மூட்டையைச் சினைப்பன்றிக்கு வைக்காதீர்கள். வெயிலில் காயவைத்தால் ஈரம் போகும், நச்சு போகாது. நாங்கள் ஒரு மழைக்காலத்தில் "காயவைத்துப் போட்டுக்கொள்ளலாம்" என்று விலை குறைவாக வாங்கிய மக்காச்சோளத்தால் நான்கு பன்றிகள் திரும்பப் பருவத்துக்கு வந்தன.

மரவள்ளி இலையையும் தோலையும் பச்சையாகப் போடாதீர்கள். அதிலுள்ள சயனைடு உடலில் தயோசயனேட்டாக மாறி, தைராய்டுக்கு அயோடின் சேரவிடாமல் தடுக்கும். கடுகுப் புண்ணாக்கிலும் அதே வகைத் தொந்தரவு. குட்டிகள் முடியில்லாமல், கழுத்து வீங்கி, செத்தே பிறந்தால் காரணம் பெரும்பாலும் அயோடின் குறைதான். மரவள்ளியை நறுக்கி நன்கு உலர்த்தி, அளவாகச் சேருங்கள். அயோடின் உள்ள தாது உப்பைத் தவறவிடாதீர்கள். சூபாபுல் தழை வேண்டவே வேண்டாம். அதிலுள்ள மைமோசின் முடியைக் கொட்டவைக்கும், சினையையும் பாதிக்கும்.

8. 75 முதல் 110 வரை

இந்தக் காலத்தில்தான் மடி திசு வளர்கிறது. 90ஆம் நாளுக்குப் பிறகு புரோலாக்டின் என்னும் பால் ஹார்மோன் அந்த வேலையைத் தள்ளிக்கொண்டு போகும். இப்போது பன்றியைக் கொழுக்கவைத்தால் பால் திசு இருக்க வேண்டிய இடத்தில் கொழுப்பு உட்காரும். இளைத்ததைத் தேற்றுகிறேன் என்று 80ஆம் நாளில் நாலு கிலோ போடுபவர்கள் பாலில் இழப்பார்கள்.

90க்குப் பிறகு குட்டிகள் வேகமாக வளர்வதால் அரை கிலோ கூட்டலாம், அதுவும் மதிப்பெண் 3க்குள் இருந்தால். குட்டி எடை கொஞ்சம் கூடும், அதிசயம் எதிர்பார்க்காதீர்கள். நாரைக் குறைக்க வேண்டாம்.

9. கடைசி நான்கு நாள்

110ஆம் நாள் ஈனும் கொட்டிலுக்கு மாற்றியதும் புதிதாக வருகிறவர்கள் செய்வது இரண்டு. ஒன்று, ஈனும் நாளன்று தீவனத்தை அடியோடு நிறுத்துவது. டென்மார்க்கில் பார்த்தது இதற்கு நேர்மாறு: கடைசியாகத் தின்று மூன்று மணி நேரத்துக்குள் ஈன ஆரம்பித்த பன்றிகள் சீக்கிரம் ஈன்று முடித்தன, ஆறு, எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்தவை மிக நீண்ட நேரம் திணறின. கருப்பை சுருங்கவும் சர்க்கரை வேண்டும். எனவே நாள் அளவை மூன்று நான்கு சிறு பங்காக்குங்கள். இரவு பத்து மணிக்கு ஒரு பங்கு கட்டாயம். இந்த நாட்களில் தினமும் சாணத்தைப் பாருங்கள். உருண்டை உருண்டையாக வறண்டிருந்தால் தவிட்டைத் தண்ணீரில் குழைத்துக் கொடுங்கள்.

இரண்டாவது, ஈனும் முன் நாள் அது செய்யும் கூத்தைப் பார்த்துப் பயப்படுவது. எழும், படுக்கும், காலால் தரையைக் கீறும், தொட்டியைப் புரட்டும். அது பசியோ நோயோ அல்ல. புரோஜெஸ்டிரோன் இறங்கி, புரோஸ்டாகிளாண்டினும் புரோலாக்டினும் ஏறும்போது வரும் கூடுகட்டும் வேலை. ஈனுவதற்கு ஏறக்குறைய 24 மணி நேரம் முன்பே தொடங்கும். ஒரு கட்டு வைக்கோலோ கிழிந்த சணல் சாக்கோ போட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள். கட்டவிடாமல் வெறுந்தரையில் வைத்து விரட்டினால் அதன் பதற்றம், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்சிடோசினைக் குறைத்து ஈனுவதையே தாமதமாக்கும்.

ஈன்ற மறுநாள் ஒன்றரை, இரண்டு கிலோவில் தொடங்கி, தினம் அரை கிலோ ஏற்றுங்கள். மூன்றாம் நாளும் தொட்டியில் மிச்சம் வைத்தால் முதலில் காய்ச்சலும் மடி வீக்கமும் இருக்கிறதா என்று பாருங்கள். அவை இல்லையென்றால் நோட்டை எடுத்து, 60ஆம், 90ஆம் நாள் எழுதிய மதிப்பெண்ணைப் பாருங்கள்.